திண்டிவனம் டு ஒலிம்பிக்: குத்துச்சண்டை வீரர்களின் பாதையைத் தீர்மானிக்கும் 'கூட்டங்கள்' - முழு விவரம்

ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியா இதுவரை வென்றது மூன்றே மூன்று பதக்கங்கள். மூன்றுமே வெண்கலம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இந்திய வீரர்கள் ரிங்கில் இறங்கினார்கள். அன்றிலிருந்து 2024 பாரிஸ் வரையிலான 76 ஆண்டுகளின் கணக்கு இது.

பதக்கம் ஏன் குறைவு என்று கேட்டால் பயிற்சி, சத்தான உணவு, வசதி, வெளிநாட்டு அனுபவம் என்று பல காரணங்களைச் சொல்வார்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. அது சங்கக் கூட்டம். மாவட்டச் சங்கத்தின் பொதுக்குழு தொடங்கி சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் அமர்வு வரை, ரிங்குக்கு வெளியே நடக்கும் கூட்டங்களில்தான் ஒரு வீரரின் பாதை திறக்கிறது, சில நேரம் அடைபடுகிறது.

'டெல்லியில யார் தலைவரா வந்தா எங்களுக்கு என்ன?' என்று விழுப்புரத்தில் கிளவுஸ் மாட்டும் ஒரு மாணவர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. எப்படி என்று பார்க்கலாம்.

ஏணியின் படிகள் எவை?

திண்டிவனத்தில் ஒரு பள்ளி மாணவி குத்துச்சண்டை கற்றுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் விழுப்புரம் மாவட்ட அளவிலான தேர்வில் ஜெயிக்க வேண்டும். அடுத்து மாநில சாம்பியன்ஷிப். அதில் வென்றால் தமிழ்நாடு அணிக்காக தேசிய சாம்பியன்ஷிப். அங்கே சாதித்தால் பட்டியாலா போன்ற இடங்களில் நடக்கும் தேசியப் பயிற்சி முகாம். அதன் பிறகுதான் ஆசியப் போட்டி, உலக சாம்பியன்ஷிப், ஒலிம்பிக் தகுதிச் சுற்று எல்லாம்.

ஒவ்வொரு படியிலும் ஒரு அமைப்பு இருக்கிறது. மாவட்டச் சங்கம் மாநிலச் சங்கத்தோடு இணைந்திருக்க வேண்டும். மாநிலச் சங்கம் இந்தியக் குத்துச்சண்டை சம்மேளனத்தோடு, அதாவது பி.எஃப்.ஐ.யோடு இணைந்திருக்க வேண்டும். பி.எஃப்.ஐ.க்கு உலக அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். அந்த உலக அமைப்புக்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் அங்கீகாரம் வேண்டும்.

நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே இருக்கும் வீரருக்குத்தான் அடி. ரிங்குக்குள்ள ஜெயிக்கிறது ஒரு பக்கம். ரிங்குக்குள்ள போகவே விடலைன்னா என்ன செய்வது?

பொதுக்குழுவில் என்ன நடக்கும்?

பொதுவாக ஒரு விளையாட்டுச் சங்கத்தின் பொதுக்குழுவில் ஆண்டறிக்கை, வரவு செலவுக் கணக்கு, விதித் திருத்தம், புதிய உறுப்பினர் சேர்க்கை ஆகியவை வரும். பதவிக்காலம் முடியும்போது தேர்தல் நடக்கும். அன்றாட முடிவுகளை எடுப்பது செயற்குழு. தேர்வுக்குழுவில் யார், எந்தப் போட்டி எங்கே நடக்கும், பயிற்சியாளர் யார் என்பதெல்லாம் இங்கிருந்துதான் வரும்.

தேசிய அளவில் ஓட்டுப் போடுவது வீரர்கள் அல்ல. மாநிலச் சங்கங்கள் அனுப்பும் பிரதிநிதிகள்தான் ஓட்டுப் போடுவார்கள். ஒரு மாநிலச் சங்கத்துக்கு இரண்டு பிரதிநிதிகள். 2025 பி.எஃப்.ஐ. தலைவர் தேர்தலில் பதிவானவை மொத்தம் 66 வாக்குகள். இந்தியா முழுக்க கிளவுஸ் மாட்டும் அத்தனை பேரின் எதிர்காலமும் இந்த 66 ஓட்டுகளைச் சுற்றித்தான் இருக்கிறது.

மூன்று பதக்கங்களின் கதை

முதல் பதக்கம் 2008 பெய்ஜிங்கில் வந்தது. 75 கிலோ பிரிவில் விஜேந்தர் சிங் வெண்கலம் வென்றார். அதே ஒலிம்பிக்கில் அகில் குமார், ஜிதேந்தர் குமார் ஆகியோரும் காலிறுதி வரை போனார்கள். மூவருமே ஹரியானாவின் பிவானியில் பயிற்சி பெற்றவர்கள்.

இரண்டாவது பதக்கம் 2012 லண்டனில். பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட ஆண்டு அது. மணிப்பூரின் மேரி கோம் 51 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். மூன்றாவது, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில். அசாமின் லவ்லினா போர்கோஹெய்ன் 69 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் மூன்றாம் இடத்துக்குத் தனிப் போட்டி கிடையாது. அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம் கிடைக்கும்.

கைக்கெட்டியது நழுவிய கதையும் உண்டு. 2000 சிட்னி ஒலிம்பிக் காலிறுதியில் குர்சரண் சிங் 12-12 என்று சமநிலையில் முடித்தார். சமநிலையை முறிக்கும் விதிப்படி எதிராளிக்கு வெற்றி போனது.

தமிழ்நாட்டுக்கும் இதில் இடம் உண்டு. சென்னையைச் சேர்ந்த வி. தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார். 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார். அர்ஜுனா விருதும் பெற்றார். 'சார்பட்டா பரம்பரை' படம் காட்டிய வடசென்னையின் குத்துச்சண்டை மரபு ஊரறிந்தது. சென்னையைத் தாண்டி அந்த வேகம் மாவட்டங்களுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

மேரி கோமின் எடையை மாற்றிய கூட்டம்

கூட்டத்தில் எடுக்கும் முடிவு ஒரு வீராங்கனையின் உடம்பையே எப்படி பாதிக்கும் என்பதற்கு மேரி கோம் நல்ல உதாரணம். 2010-க்குள் அவர் ஐந்து முறை உலக சாம்பியன். எல்லாமே 45, 46, 48 கிலோ பிரிவுகளில் வென்றவை.

2009 ஆகஸ்டில் பெர்லினில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் செயற்குழு, லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டைக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் 51, 60, 75 கிலோ என மூன்றே எடைப் பிரிவுகள்தான். மேரி கோமின் எடைக்குப் பிரிவே இல்லை. அவர் எடையைக் கூட்டி, தன்னைவிட உயரமான, பலமான வீராங்கனைகளோடு மோதித்தான் அந்த வெண்கலத்தை வென்றார்.

அதன் பிறகு பெண்களுக்கான பிரிவுகள் படிப்படியாகக் கூடின. 2016-ல் 3, டோக்கியோவில் 5, பாரிஸில் 6. 2028 லாஸ் ஏஞ்சலஸில் ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 7 என முதல்முறையாகச் சம எண்ணிக்கை. திண்டிவனத்து மாணவிக்கு இன்று இருக்கும் வாய்ப்பு, மேரி கோமுக்கு அன்று இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

2012: ஒரு தேர்தலால் கொடியை இழந்த கதை

1949-ல் தொடங்கப்பட்ட இந்திய அமெச்சூர் குத்துச்சண்டை சம்மேளனம்தான் பல பத்தாண்டுகள் இந்த விளையாட்டை நிர்வகித்தது. 2012 செப்டம்பரில் அதற்குத் தேர்தல் நடந்தது. தலைவராக இருந்த அபய் சிங் சவுதாலா, சேர்மன் என்ற பொறுப்புக்கு வந்தார். அவருடைய உறவினரான அபிஷேக் மடோரியா தலைவரானார்.

அந்தத் தேர்தலில் முறைகேடு நடந்திருக்கலாம் என்று கூறி, 2012 டிசம்பரில் அப்போதைய உலக அமைப்பான 'ஐபா' இந்தியச் சம்மேளனத்தைத் தற்காலிகமாக இடைநீக்கம் செய்தது. அதே மாதம் இந்திய ஒலிம்பிக் சங்கத்தையும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இடைநீக்கம் செய்தது. லண்டனில் மேரி கோம் பதக்கம் வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

2013-ல் கஜகஸ்தானின் அல்மாட்டியில் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது இந்திய வீரர்கள் மூவர்ணக் கொடியின் கீழ் ஆட முடியவில்லை. ஐபா கொடியின் கீழ் ஆடினார்கள். தப்பு யார் மேல் என்றாலும், சொந்த நாட்டுப் பெயரை இழந்தது வீரர்கள்தான்.

2014 மார்ச்சில் பழைய சம்மேளனத்தின் உறுப்பினர் தகுதியையே ஐபா ரத்து செய்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் 'பாக்ஸிங் இந்தியா' என்ற புதிய அமைப்பு வந்தது. சந்தீப் ஜஜோடியா தலைவரானார். எட்டே மாதம். 2015 மே மாதம் மாநிலச் சங்கங்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரைப் பதவியிலிருந்து இறக்கின. பிறகு கிஷன் நார்சி தலைமையில் தற்காலிகக் குழு, அதாவது அட்ஹாக் கமிட்டி பொறுப்பேற்றது.

இந்த இழுபறியில் உள்நாட்டுப் போட்டிகளின் காலண்டரே குலைந்தது. தேசியப் போட்டி நடக்கவில்லை என்றால் மாநில அணிக்கு வேலை இல்லை. மாநில அணி இல்லை என்றால் மாவட்டத்தில் ஜெயித்தும் மேலே போக வழியில்லை. 17, 18 வயதில் இருக்கும் ஒருவருக்கு இரண்டு ஆண்டு போனால் அந்த வயதுப் பிரிவே கைவிட்டுப் போய்விடும்.

2016 ரியோ ஒலிம்பிக்குக்கு ஷிவ தாப்பா, மனோஜ் குமார், விகாஸ் கிருஷன் என மூன்று பேர்தான் தகுதி பெற்றார்கள். நாலு ஆண்டுக்கு முன் லண்டனுக்குப் போனது எட்டுப் பேர். ரியோவில் பதக்கம் இல்லை.

நிர்வாகம் சரியாக இருந்தால் பதக்கம் வந்துவிடுமா?

வந்துவிடாது. ரியோவில் ஷிவ தாப்பாவையும் மனோஜ் குமாரையும் வீழ்த்திய இருவருமே அந்த ஒலிம்பிக்கின் தங்கப் பதக்கக்காரர்கள். விகாஸைத் தோற்கடித்தவர் வெள்ளி வென்றார். அங்கே தோற்றதற்கெல்லாம் சங்கத்தைக் கைகாட்ட முடியாது.

2016 செப்டம்பரில் மும்பையில் நடந்த தேர்தலில் பி.எஃப்.ஐ. உருவானது. ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் அஜய் சிங் தலைவரானார். அதன் பிறகு டோக்கியோவுக்கு 9 பேர் தகுதி பெற்றார்கள், பதக்கம் ஒன்று. பாரிஸுக்கு 6 பேர் போனார்கள், பதக்கம் இல்லை. நிஷாந்த் தேவும் லவ்லினாவும் காலிறுதியில் தோற்றார்கள். உலக சாம்பியனான நிகத் ஜரீன் அதற்கு முன்பே வெளியேறினார்.

ஆக, நல்ல நிர்வாகம் பதக்கத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் நிர்வாகம் குலைந்தால் போட்டிக்கான கதவே மூடிவிடும். 2012 முதல் 2016 வரை நடந்தது அதுதான்.

பணம் கட்டுவதில் வந்த சிக்கலும் ஒரு போட்டியை இழக்க வைத்திருக்கிறது. 2021 ஆண்கள் உலக சாம்பியன்ஷிப் டெல்லியில் நடப்பதாக இருந்தது. போட்டி நடத்தும் உரிமைக்கான கட்டணம் செலுத்தப்படவில்லை என்று கூறி, 2020-ல் ஐபா அதைப் பறித்து செர்பியாவின் பெல்கிரேடுக்குக் கொடுத்தது. பணம் அனுப்புவதில் ஐபாவின் வங்கிக் கணக்குதான் சிக்கல் என்று பி.எஃப்.ஐ. பதில் சொன்னது.

2025: 'யார் ஓட்டுப் போடலாம்?' சண்டை

பி.எஃப்.ஐ. நிர்வாகிகளின் பதவிக்காலம் 2025 பிப்ரவரியில் முடிந்தது. தேர்தல் உரிய நேரத்தில் நடக்கவில்லை. இந்திய ஒலிம்பிக் சங்கம் தற்காலிகக் குழுவை அறிவித்தது. டெல்லி உயர்நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது.

மார்ச்சில் தேர்தல் என்று அறிவிப்பு வந்தது. மாநிலச் சங்கத் தேர்தலில் முறைப்படி தேர்வானவர்கள் மட்டுமே பிரதிநிதியாக வர முடியும் என்று பி.எஃப்.ஐ. ஒரு சுற்றறிக்கை விட்டது. இதனால் ஹிமாச்சலப் பிரதேசச் சங்கம் பரிந்துரைத்த முன்னாள் விளையாட்டுத் துறை அமைச்சர் அனுராக் தாக்கூரின் பெயர் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே போனது. விவகாரம் நீதிமன்றங்களுக்குப் போய், மார்ச் தேர்தல் நின்றது.

இந்தச் சண்டைக்குப் பின்னால் ஒரு அடிப்படைக் கேள்வி இருக்கிறது. ஒரு மாநிலத்தின் சார்பில் ஓட்டுப் போடுபவர் அந்த மாநிலச் சங்கத்தில் தேர்வானவராக இருக்க வேண்டுமா, அல்லது சங்கம் விரும்பும் யாரையும் அனுப்பலாமா? முதல் வழியில் மாவட்டங்களின் ஓட்டுக்கு மதிப்பு கூடும் என்பது ஒரு வாதம். தேர்தல் அறிவித்த பிறகு விதியை மாற்றினால் போட்டியாளரை ஒதுக்கும் ஆயுதமாகிவிடும் என்பது எதிர்வாதம்.

ஏப்ரலில் உலக அமைப்பான 'வேர்ல்ட் பாக்ஸிங்' தலையிட்டு, அஜய் சிங் தலைமையிலேயே இடைக்காலக் குழுவை அமைத்தது. ஆகஸ்ட் 21 அன்று குருகிராமில் தேர்தல் நடந்தது. சிக்கிமின் ஜஸ்லால் பிரதானை 40-26 என்ற கணக்கில் வென்று அஜய் சிங் மூன்றாவது முறை தலைவரானார். உத்தரப் பிரதேசத்தின் பிரமோத் குமார் பொதுச்செயலாளர் ஆனார். தமிழ்நாட்டைச் சேர்ந்த பொன் பாஸ்கரன் பொருளாளராகத் தேர்வானார்.

உலக அமைப்பிலேயே பிரச்சினை என்றால்?

அதுவும் நடந்தது. நிதி, நிர்வாகம், நடுவர் தீர்ப்புகள் மீதான புகார்களால் 2019-ல் ஐபாவை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இடைநீக்கம் செய்தது. டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் குத்துச்சண்டையை ஒலிம்பிக் கமிட்டியே தனிக்குழு வைத்து நடத்தியது. பிறகு ஐ.பி.ஏ. என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த அமைப்பின் அங்கீகாரம் 2023 ஜூனில் மொத்தமாகப் பறிக்கப்பட்டது.

லாஸ் ஏஞ்சலஸ் 2028-க்கான முதல் பட்டியலில் குத்துச்சண்டையே இல்லை. 2023-ல் உருவான வேர்ல்ட் பாக்ஸிங்குக்கு 2025 பிப்ரவரியில் தற்காலிக அங்கீகாரம் கிடைத்தது. அடுத்த மாதம் கிரீஸில் நடந்த ஒலிம்பிக் கமிட்டி அமர்வில் ஓட்டெடுப்பு நடத்தி குத்துச்சண்டையைச் சேர்த்தார்கள். இந்தியா 2024-லேயே வேர்ல்ட் பாக்ஸிங்கில் சேர்ந்துவிட்டதால் தப்பித்தது.

2025 செப்டம்பரில் லிவர்பூலில் நடந்த வேர்ல்ட் பாக்ஸிங் உலக சாம்பியன்ஷிப்பில் ஜெய்ஸ்மின் லம்போரியா, மீனாக்ஷி ஹூடா இருவரும் தங்கம் வென்றார்கள். இந்தியா அந்த அமைப்பில் உறுப்பினராக இல்லாமல் இருந்திருந்தால் அந்த ரிங்கில் இந்தியப் பெயரே இருந்திருக்காது.

புதுச் சட்டம் என்ன சொல்கிறது?

2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன்படி விளையாட்டுச் சம்மேளனங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கவும் ரத்து செய்யவும் தேசிய விளையாட்டு வாரியம் இருக்கும். சம்மேளனத் தேர்தலைக் கண்காணிக்கத் தனித் தேர்தல் குழு இருக்கும். தகராறுகளைத் தீர்க்கத் தீர்ப்பாயம் இருக்கும்.

செயற்குழுவில் அதிகபட்சம் 15 பேர். அதில் சாதனை படைத்த விளையாட்டு வீரர்கள் குறைந்தது 2 பேர், பெண்கள் குறைந்தது 4 பேர் இருக்க வேண்டும். கூட்டம் நடக்கும் அறைக்குள் ஆடியவர்களின் குரலும் வர வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

விழுப்புரம் பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

சர்டிஃபிகேட் விஷயத்தில்தான் இந்தப் பெரிய அரசியல் சாதாரணக் குடும்பத்தின் வாசலுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உண்டு. ஆனால் எந்தப் போட்டியின் சான்றிதழும் செல்லாது. அங்கீகாரம் பெற்ற அமைப்பு நடத்திய போட்டியாக இருக்க வேண்டும். 'நேஷனல்', 'இன்டர்நேஷனல்' என்று பெயர் வைத்துக் கட்டணம் வாங்கும் போட்டிகள் எல்லாமே அந்தக் கணக்கில் வராது.

எனவே பணம் கட்டும் முன் சில கேள்விகள் அவசியம்:

- போட்டியை நடத்தும் சங்கம் அங்கீகரிக்கப்பட்ட மாநிலச் சங்கத்தோடு இணைந்ததா?
- இந்தப் போட்டியில் ஜெயித்தால் அடுத்த கட்டம் எது? அதை நடத்துவது யார்?
- வயது, எடைப் பிரிவுகள் தேசிய விதிப்படி இருக்கிறதா?
- மாவட்டச் சங்கத்தின் பொதுக்குழு கடைசியாக எப்போது கூடியது? நிர்வாகிகள் தேர்வானவர்களா?

சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் விசாரிக்கலாம்.

சின்ன ஊரிலிருந்து முடியுமா?

முடியும் என்பதற்கு அந்த மூன்று பதக்கங்களே சாட்சி. மேரி கோம் மணிப்பூரின் காங்கதெய் கிராமத்தில் பிறந்தவர். லவ்லினா அசாமின் கோலாகாட் மாவட்டத்துக் கிராமத்துப் பெண். விஜேந்தர், பிவானி பக்கத்திலுள்ள காலுவாஸ் கிராமத்துக்காரர். டெல்லியிலிருந்து பிவானி சுமார் 125 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திண்டிவனமும் ஏறக்குறைய அதே தூரம்தான்.

பிவானியில் பயிற்சி மையம் இருந்தது, பிள்ளைகளை விடாமல் தயார் செய்த பயிற்சியாளர்கள் இருந்தார்கள், வென்றால் அடுத்த போட்டி எது என்பதும் தெரிந்திருந்தது. முதல் இரண்டும் ஒரு ஊர் தானே உருவாக்கிக்கொள்ளக் கூடியவை. மூன்றாவது, சங்கங்கள் கூட்டத்தை நேரத்துக்குக் கூட்டி, தேர்தலை ஒழுங்காக நடத்தி, போட்டிகளை நிறுத்தாமல் இருந்தால் மட்டுமே கிடைக்கும்.

2028 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். அதில் குத்துச்சண்டையில் மட்டும் 14 தங்கம். இந்தியாவின் முதல் ஒலிம்பிக் குத்துச்சண்டைத் தங்கத்தை யார் வேண்டுமானாலும் வெல்லலாம். அதுவரை அடுத்தடுத்த படிகள் உடையாமல் இருக்க வேண்டும் என்பதே மாவட்டப் போட்டியில் முதன்முறை ரிங் ஏறும் ஒவ்வொரு பிள்ளையின் தேவை.